குனியாமல் சொன்ன பெயர்

கடுகுச் செடியை அடையாளம் காண்பது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நாலு இதழ், மஞ்சள் பூ, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி. சின்னப் பிள்ளைகூடக் கடுகு என்று சொல்லிவிடும். எந்தக் கடுகு என்று கேட்டால்தான் அது தண்ணி காட்டும். மஞ்சள் பூக்கிற வகைகள் பலவும் பூவளவில் ஒரே மாதிரிதான் இருக்கும். காய் பிடித்த பிறகே ஒவ்வொன்றின் சுயரூபமும் தெரியும். முதல் காய் தண்டின் அடிப்பக்கம்தான் பிடிக்கும் என்பதால் குனிந்துதான் பார்க்க வேண்டும். காயைப் பார்க்காமல் கடுகுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் தாவர ஆராய்ச்சி ஆபீசில் கறாரான வழக்கம்.

என் வேலை, வருகிறவர்கள் கொண்டுவரும் செடிக்குப் பெயர் சொல்வது. தரைத்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள மேசை, ஒரு விளக்கு, ஒரு லென்ஸ், பின்னால் காய்ந்த செடிகளை ஒட்டி அடுக்கிய இரும்பு அலமாரிகள். ஆடு தின்றுவிட்டது, விஷமா என்று கேட்டு வருவார்கள். சுவரை உடைத்துக்கொண்டு வளர்கிறது, என்ன சனியன் என்று கேட்டு வருவார்கள். ஒரு அம்மா கடையில் வாங்கிய பிளாஸ்டிக் செடியைக் கொண்டுவந்து ஏன் துளிர்விடவே மாட்டேன் என்கிறது என்று கேட்டார். அவருக்கும் முகம் மாறாமல் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து மலைகளில் இரண்டு மஞ்சள் கடுகுகள் உண்டு. ஒன்று எங்கிருந்தோ எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டு ரோட்டோரம், காலி மனை, ரயில் பாதை என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்ட களைக்கடுகு. இன்னொன்று இந்த மலைகளுக்கே சொந்தமான மலைக்கடுகு. காய்ந்த சரிவில், கல்லுக்கு நடுவில்தான் வளரும். களையின் காய் தண்டோடு ஒட்டிக்கொண்டு மேலே பார்க்கும். மலைக்கடுகின் காய் மெல்லிய காம்பில் கீழே தொங்கும். களை ஒரே வருஷம்தான் வாழும், பிடித்து இழுத்தால் நூல் மாதிரி வேரோடு கையில் வந்துவிடும். மலைக்கடுகு வருஷக்கணக்கில் இருக்கும், வேர் கல்லுக்குள் இறங்கியிருக்கும். அது இந்தப் பக்கம் அற்றுப்போய்விட்டது என்று எங்கள் மேலதிகாரி முடிவு கட்டியிருந்தார். எந்நேரமும் லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதால் அவருக்கு ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பெயர்.

இவ்வளவும் எனக்கு அத்துப்படி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று நினைக்கிறேன்.

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணி, துணி திருத்தித் தைப்பவள். கடையில் வாங்கிய உடுப்பின் இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது. மலையடிவாரத்தில், ஊரின் கடைசித் தெருவில் வீடு. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் என்ன கூப்பிடுவேன் என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் வீட்டுக்காரரின் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்காக எல்லோரும் சேர்ந்து ஒரு மத்தியானம் சாப்பிட்டோம். வந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். வாயில் இருந்ததை நான் விழுங்கி முடிப்பதற்குள் ஓரகத்தி பதில் சொல்லிவிட்டாள்.

"இவளா? களைக்குப் பேர் வைக்கிறா. அதுக்கு மாசாமாசம் சம்பளம் வேற."

மேசையே சிரித்தது. என் மாமியார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, யாரோ முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அன்றோடு எனக்குக் களைராணி என்று பெயர் வந்துவிட்டது. கட்டின புருஷனே போனில், "களைராணி குளிக்கிறா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்கிற அளவுக்குப் போய்விட்டது. நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் அந்த மத்தியானத்தை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். எனக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு.

வெயில் ஏற ஆரம்பித்த பிறகு ஒருநாள் ஓரகத்தியே கூப்பிட்டாள்.

"லீவு நாள்ல இந்தப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போறியா? ஒரு செடி பாக்கணும்."

போனேன். நல்ல கோப்பையில் டீ கொடுத்தாள். அவள் வீட்டில் எனக்கு வழக்கமாக வருவது பிடி உடைந்த கோப்பை. சரி, காரியம் பெரியதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

தைக்கிற அறை வீட்டின் பின்பக்கம். ஜன்னலை ஒட்டி மிஷின், சோப்புப் பெட்டியில் குண்டூசிகள், சுவரில் ஆணியடித்து மாட்டிய நூல் கண்டுகள், சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பாதியில் நிற்கும் ஒரு கோட்டு. ஜன்னலுக்கு வெளியே மலைச் சரிவு. காய்ந்த புல், வெளிறிய கல், அதன் நடுவே திட்டுத் திட்டாக மஞ்சள்.

"தீயணைப்பு ஆபீஸ்லேருந்து வந்தாங்க. காட்டுத்தீ வந்தாப் பரவாம இருக்க, கோடைக்குள்ள வீட்டுப் பின்னாடி சரிவை மொட்டையா வழிச்சுடணுமாம். மலைக்கே சொந்தமான செடி ஏதாவது இருந்தா மட்டும் விட்டுடலாமாம். உங்க ஆபீஸ்லேருந்து ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்னாங்க."

"நீங்க எதை விடணும்கறீங்க?"

"அந்த மஞ்சளைத்தான்." அவள் மிஷினின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "நாள் பூரா கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டுறேன். கண்ணு எரியுது. அடிக்கடி தலையத் தூக்கித் தூரத்துல எதையாவது பாருங்கன்னு டாக்டர் சொன்னார். தூரத்துல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். வருஷா வருஷம் வந்துடும். வந்துச்சுன்னா எனக்கும் வேலை ஓடும்."

அதைக் கேட்டு மனசு இளகியிருக்க வேண்டும். எனக்கு இளகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்காதவள் இன்று கேட்கிறாள் என்பது மட்டும்தான் எனக்குள் இனித்தது.

பின்கதவு வழியாகச் சரிவில் ஏறினோம். முழங்கால் உயரத்துக்குச் செடிகள், அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த புல்லில் மறைந்திருந்தது. நான் ஒரு கொத்தின் நுனியைக் கிள்ளி எடுத்து, வகுப்பு எடுக்கிற மாதிரி அவள் முகத்துக்கு நேரே பிடித்து இதழ்களை எண்ணிக் காட்டினேன்.

"நாலு. கடுகு."

"நல்ல கடுகா, கெட்ட கடுகா?"

குனிந்திருக்க வேண்டும். புல்லை விலக்கிக் காயைப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. ஆனால் அவள் சரிவில் எனக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்ன சொல்லப் போகிறேனோ என்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தால் அந்த உயரம் போய்விடும். அவ்வளவு அற்பமான காரணம்தான்.

"களைதான் அக்கா. களைராணியே சொல்றேன், களைதான்."

சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் முகம் விழுந்துவிட்டது. "நல்லாப் பாத்தியா?"

"இதைப் பாக்க வேற வேணுமா? ரோட்டோரம் பூரா இதுதானே கிடக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "மேலாக்க வெட்டினா திரும்ப வந்துடும். வேரோட எடுத்துடுங்க."

அவள் கொஞ்ச நேரம் அந்த மஞ்சளையே பார்த்தாள். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கிள்ளிய நுனியைப் பழக்கதோஷத்தில் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். எங்கள் தொழிலில் யாரும் செடித்துண்டைக் கீழே எறிய மாட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வீடு வந்து சேரும்வரை உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வாரம் பிறந்து, ஆபீசில் மேசையிலேயே உட்கார்ந்து மத்தியான ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது அவள் போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"பாதி முடிச்சுட்டேன். அப்பப்பா, என்ன வேர் இது? விரல் மொத்தம் இருக்கு. கல்லுக்குள்ள போய்ப் புடிச்சுக்கிட்டு வருவேனாங்குது. பக்கத்து வீட்டுல கடப்பாரை வாங்கி நெம்பறேன். ஒரு களைக்கு இவ்வளவு அடமா?"

கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகவில்லை. களைக்கடுகுக்கு விரல் மொத்த வேர் கிடையாது. களைக்கடுகைப் பிடுங்கக் கடப்பாரை வேண்டாம், குழந்தை போதும்.

"ஹலோ, இருக்கியா?"

"இருக்கேன் அக்கா."

"மீதியையும் இன்னிக்கே முடிச்சுடவா, இல்ல இருக்கட்டுமா? கை வேற கொப்பளிச்சுப் போச்சு."

என்ன சொல்ல வேண்டும் என்பதை அவளே என் வாயில் எடுத்துக் கொடுத்தாள். இருக்கட்டும் என்ற ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம், கை ஆறட்டும் என்று சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இதுதான்:

"கையைப் பாத்துக்கங்க அக்கா. உறை ஏதாவது மாட்டிக்கிட்டுச் செய்யுங்க."

நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், களைக்குப் பேர் வைக்கிறவளுக்குக் களை எதுவென்றே தெரியவில்லை என்ற கதை சாயங்காலத்துக்குள் குடும்பம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். மாமியாருக்கு மறுபடி புரையேறும். அந்தச் சிரிப்பு என் காதில் கேட்டது, வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கல்லில் மாட்டிய வேர் தடிமனாகத்தான் தெரியும். அவளுக்கு எதையும் ஊதிச் சொல்கிற பழக்கம். கூடவே வேறு ஏதாவது செடி வளர்ந்திருக்கலாம். இப்படி என்னென்னவோ.

சமாதானம் நிற்கவில்லை. கைப்பையை மேசை மேல் கவிழ்த்தேன். பஸ் டிக்கெட், சாவி, தலைவலி மாத்திரை, நடுவே வாடி ஒட்டிப்போன அந்த நுனி. விளக்கைத் தாழ்த்தி லென்ஸின் கீழே வைத்தேன். கிள்ளிய இடத்துக்குச் சற்று மேலே, குண்டூசி அளவில் ஒரே ஒரு பிஞ்சுக்காய். காம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தது. என் கையிலேயேதான் இருந்திருக்கிறது. நான் இதழை மட்டும் எண்ணிக் காட்டியிருக்கிறேன்.

தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பூதக்கண்ணாடி.

"எங்கேருந்து வந்துச்சு இது?" அவர் குரல் தணிந்து போயிருந்தது. "மலைக்கடுகும்மா. இந்தப் பக்கம் கிடையாதுன்னு நானே சொல்லிக்கிட்டு இருந்தேனே. எவ்வளவு நிக்குது?"

"ஒரு சரிவு பூரா இருந்துச்சு சார்." சொன்ன பிறகு திருத்தினேன். "இருக்கு."

"முதல்ல அந்த இடத்துக்காரங்களுக்குச் சொல்லு. விவரம் தெரியாம யாராவது வெட்டித் தொலைச்சுடப் போறாங்க."

போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. சரிவில் கடப்பாரையோடு நின்றிருப்பாள், போன் மிஷின் மேல் கிடந்து அடித்திருக்கும். அது தானாகவே நின்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்திருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்து, "சொல்லிட்டேன் சார்" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்று சாயங்காலம்வரை நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணி எல்லாத்தையும் முடிச்சுட்டாங்களாம். ரெண்டு கையும் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்காம். ஆனா உன்னப் பத்தித்தான் பேச்சு. லீவு நாளும் அதுவுமா மெனக்கெட்டு வந்து பாத்துட்டுப் போனா, அன்னிக்கு சாப்பாட்டுல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்கறாங்க. இனிமே உன்னைக் களைராணின்னு யாரும் கூப்பிடக் கூடாதாம். எனக்கும் உத்தரவு."

நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டேன். கழுவுவதற்கு எதுவும் இல்லை. இத்தனை நாள் எது கிடைக்கவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேனோ அது கிடைத்துவிட்டது, அதுவும் நான் கேட்காமலே. கிடைத்த நேரத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. குழாய்ச் சத்தத்தில் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அங்கே போனேன். கதவைத் தட்டியதும் உள்ளே அவசர அவசரமாக எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகுதான் திறந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கோட்டுக்கு உள்ளே வைக்கிற துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

"வா, வா. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? நேத்து போன் பண்ணியிருந்தியே, கையப் பத்திக் கேக்கத்தானே? எடுக்க முடியல."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் பின்னாலேயே தைக்கிற அறைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க மண். குழி குழியாக, பல் பிடுங்கிய ஈறு மாதிரி. கல்லெல்லாம் புரண்டு கிடந்தது.

"ஒண்ணு விடல," என்றாள். "நீ சொன்ன மாதிரி வேரோட. மூட்டை கட்டி வெச்சேன், காலையில குப்பை வண்டியில ஏத்திட்டாங்க. தீயணைப்பு ஆபீஸ்காரங்க வந்து பாத்துட்டு, தெருவுலேயே உங்க வீடுதான் சுத்தம்னு சொல்லிட்டுப் போனாங்க."

உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தேன். அவள் மடியில் அந்தக் கறுப்புக் கோட்டு. ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நூலைக் கோர்க்கப் பார்த்தாள். கட்டுப் போட்ட விரல் வளையவில்லை.

"இதைக் கொஞ்சம் கோத்துக் குடேன். நாளைக்குள்ள குடுக்கணும் இந்தக் கோட்டை. மிஷின்ல ஓட்ட முடியுது, கையில தைக்கறதுதான் முடியல."

நூல் நுனியை நாக்கில் நனைத்துக் கோர்த்தேன். நூல் வழுக்கி வழுக்கிப் போயிற்று. கோர்த்துக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தபோது தரையில் ஒரு மஞ்சள் இதழ் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அவை போன திசையில், துணி வெட்டுகிற மேசைக்கு அடியில், ஒரு பழைய போர்வை எதையோ மூடிக்கொண்டிருந்தது.

நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"திட்டாத," என்றாள். எழுந்து போய், காலாலேயே போர்வையை விலக்கினாள்.

ஒரு வாளி. வாளியில் ஈர மண். மண்ணில் ஒரு மலைக்கடுகு. மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வேரில் கடப்பாரை பட்ட காயம் வெள்ளையாகத் தெரிந்தது. இலைகள் துவண்டு தொங்கின. நுனியில் மட்டும் கொஞ்சம் பூ மிச்சமிருந்தது. பூவுக்குக் கீழே, தண்டின் அடிவரை, வரிசையாகக் காய்கள். அத்தனையும் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

"நீ களைன்னு சொன்னதுக்கப்புறமும் மனசு கேக்கல. கடைசியா ஓரத்துல ஒண்ணு நின்னுது, அதை மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன். விதை விழறதுக்குள்ள எறிஞ்சுடறேன். தீயணைப்பு ஆபீஸ்ல சொல்லிடாத. அவ்வளவு தூரம் வந்து பாத்துச் சொன்ன உனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சேன் பாரு, அது தப்புதான்."

ஒரு தப்பும் செய்யாதவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் தாங்க முடியாமல் எழுந்து நின்றேன்.

"அக்கா, அது களை இல்ல."

"என்னது?"

"மலைக்கடுகு. இந்த மலைக்கே சொந்தமானது. இந்தப் பக்கத்துல இல்லவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். நான் காயைப் பாக்காம பேர் சொல்லிட்டேன். ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா எல்லாம் நின்னிருக்கும்."

அவள் மிஷின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். நான் ஒடுங்கி நின்றேன். ஆனால் அவள் பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"தப்பாச் சொல்லிட்டியாக்கும்," என்றாள். "சரி, என்ன பண்றது? நானும் ஒரு பெரிய கடைக் கோட்டுல இடது கையை வலது பக்கம் வெச்சுத் தெச்சிருக்கேன். யாருக்கும் வர்றதுதானே."

அங்கேயே முடிந்திருக்கலாம். கவனக்குறைவாக ஒரு தப்புச் செய்தவள் என்ற அளவில் நான் அந்த வீட்டை விட்டு வெளியே வந்திருக்கலாம். டீ குடித்துவிட்டுக்கூட வந்திருக்கலாம்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" என்று அவள் கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள்.

ஆபீசுக்குப் போய் லென்ஸில் பார்த்தபோது என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"நேத்து மத்தியானம். நீங்க போன்ல வேரைப் பத்திச் சொன்னப்ப."

அவள் முகம் உடனே மாறவில்லை. நேற்று மத்தியானத்தை நினைத்துப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப பாதி நின்னுக்கிட்டு இருந்துதே."

"ஆமாம் அக்கா."

"இருக்கட்டுமான்னு நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

நான் கோர்த்துக் கொடுத்த ஊசியை அவள் கோட்டிலிருந்து எடுத்து, சோப்புப் பெட்டியில் போட்டாள். பளாரென்று ஒன்று விட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சாப்பாட்டு மேசையில..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அதைக் கேட்டபோது அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. என் மேசைக்குக் கொண்டுவருகிற செடியை நான் அப்படித்தான் பார்ப்பேன், இது என்ன வகை என்று. மாதக்கணக்கில் மனசில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டப் போனால், உள்ளே இருந்தது ஒரு கேலிப் பேச்சு, கொஞ்சம் சிரிப்பு. எனக்கே அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அதுக்குத்தான்," என்றேன்.

வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவள் எழுந்து மேசைக்குப் போனாள். கையால் தூக்க முடியாததால் பாதத்தை வாளியின் விளிம்பில் வைத்துத் தள்ளினாள். வாளி தரையைக் கீறிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றது. இன்னும் இரண்டு இதழ்கள் உதிர்ந்தன.

"இது பொழைக்குமா?"

நான் வாயைத் திறந்தேன். என் வாய் அப்படிப் பழகியது, கேள்வி வந்தால் பதில் தயாராக இருக்கும்.

"அப்படி நின்னுக்கிட்டுச் சொல்லாத," என்றாள். "குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லு."

மண்டியிட்டேன். நூல் துண்டுகளும் சாக்குக்கட்டித் தூளும் கிடந்த தரை. முகத்தை வாளியோடு வைத்துப் பார்த்தேன். இலைகள் வாடியிருந்தன, ஆனால் நடுக்குருத்து இன்னும் விறைப்பாக இருந்தது. வேர்க்காயத்தின் விளிம்பு காயத் தொடங்கியிருந்தது. ஒரு காயை விரலால் தாங்கிப் பிடித்தேன். பச்சையாக இருந்தது, உள்ளே விதை தட்டுப்பட்டது, முற்றியிருக்கிறதா என்று தெரியவில்லை. செடி செத்தாலும் விதை முற்றலாம். விதை முற்றுவதற்குள் செடி செத்தும் போகலாம். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

"தெரியல அக்கா," என்றேன். "நிஜமாத் தெரியல."

அவள் மிஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது.

"அப்ப தெரியற வரைக்கும் தினம் வந்து பாரு."

நான் எழுந்திருக்கவில்லை. என் தலைக்கு மேலே மிஷின் தட்டுத் தடுமாறி ஓட ஆரம்பித்தது.